எதிரி தேவைப்பட்ட சான்றுரை: மை லாய் மீட்பு குறித்து

1968 மார்ச் 16 அன்று வியத்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது அமெரிக்க ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன் செய்ததை, ராணுவத்துக்கு எதிரான தனிமனிதக் கலகமாகவே முந்தைய ஆய்வுகள் பெரிதும் வாசித்துள்ளன. அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் பதக்கத்தின் சான்றுரையைப் பொய் என்று ஒரே வரியில் ஒதுக்கியதால் நேர்ந்த கோளாறு இது. பொய்தான், ஆனால் எந்த இடத்தில் பொய் என்று யாரும் நின்று பார்க்கவில்லை.

கடும் இருமுனைத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கிய வியத்நாமியக் குழந்தையைத் தாம்சன் மீட்டார் என்கிறது சான்றுரை. குழந்தை மெய். வாய்க்காலில் பிணங்களுக்கு நடுவிலிருந்து தாம்சனின் குழுவைச் சேர்ந்த க்ளென் ஆண்ட்ரியோட்டா தூக்கி வந்த குழந்தை அது. குவாங் ஙாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. இருமுனை என்பதே புனைவு. சுட்டது ஒரே தரப்பு, அதுவும் அமெரிக்கத் தரப்பு. குழந்தை மீட்புக்கு எதிரியை இட்டு நிரப்ப முடிந்தது. கிராமத்தார் ஒளிந்திருந்த பதுங்குகுழியருகே நடந்ததற்கு அது முடியாது: கிராமத்தாருக்கும் அவர்களை நெருங்கிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் நடுவே தாம்சன் ஹெலிகாப்டரை இறக்கினார், அவர்கள் மக்களைச் சுட்டால் திருப்பிச் சுடுமாறு தம் குழுவினரிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அந்த எதிர்கொள்ளல் சான்றுரையில் இல்லை. இந்த விடுபடல் தற்செயல் அன்று என்றே கருத வேண்டியிருக்கிறது. பதக்கச் சான்றுரைகள் எல்லாமே வார்ப்பு வாசகங்கள்தாமே என்பார்கள். வார்ப்பில் எது அடங்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

கலக வாசிப்பும், வேறு திசையிலிருந்து, வார்ப்பில் அடங்காததை விட்டுவிடும் இதே பிழையைச் செய்கிறது. தாம்சன் கையாண்டவை பெரும்பாலும் வழக்கமான மீட்பு நடைமுறைகள். காயம்பட்டோர் கிடந்த இடங்களைப் பச்சைப் புகையால் குறித்தார். குறிக்கப்பட்டவர்கள் கொல்லப்பட்டதைக் கண்ட பிறகே அவருடைய போக்கு மாறியது. அவருடைய ஓஎச்-23 மூவர் மட்டுமே அமரக்கூடிய சிற்றூர்தி. ஆகவே வானொலியில் துணைக்கு அழைத்தார். தாக்குதலுக்கென வந்திருந்த ஹெலிகாப்டர் தரையிறங்கிக் கிராமத்தாரை ஏற்றிச் சென்றது. அந்த விமானியின் துணிவு நம் ஆய்வுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது. தளம் திரும்பியதும் தாம்சன் மேலதிகாரிகளிடம் முறையிட்டார்.

எதிரியின் குண்டு இல்லாத இடத்தில் போர்வீரம் ஏது என்ற ஆட்சேபத்துக்கு 1998-இல் ராணுவமே விடை தந்துவிட்டது. அவ்வாண்டு மார்ச் 6 அன்று தாம்சனுக்கும் அவர் குழுவின் மற்றொருவரான லாரன்ஸ் கோல்பர்னுக்கும், 1968 ஏப்ரலிலேயே போரில் இறந்துவிட்ட ஆண்ட்ரியோட்டாவுக்கும் வழங்கப்பட்ட சோல்ஜர்ஸ் மெடல், எதிரியுடனான மோதல் சாராத வீரத்துக்கு உரியது. சான்றுரையின் வாசகத்தைவிடப் பதக்கத்தின் வகையே கூடுதலாக ஒப்புக்கொள்கிறது.

முதல் பதக்கத்தைத் தாம்சன் வீசியெறிந்ததைக் கலகத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் 1969-இல் ராணுவ விசாரணை தொடங்கியபோது அதன் முன் சென்று சாட்சி சொன்னவரும், வாய்க்காலருகே தாம் கண்ட அதிகாரி என்று வில்லியம் கால்லியை அடையாளம் காட்டியவரும் அவரே.