பாவித்த ரயர் அழுத்த சென்சர் உங்கள் லீஃப் காருக்குப் பொருந்துமா?

யப்பானில் இருந்து பாவித்த நிலையில் இலங்கைக்கு வந்த மின்சாரக் கார்களில் அதிகம் காணப்படுவது நிசான் லீஃப். இதன் பழைய கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லு கிடையாது. ஒட்டுப்போடும் மருந்தும் காற்றடிக்கும் சிறு கருவியும் மட்டுமே இருக்கும். இரவில் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையே காற்றுப் போனால் நடுவழிதான். அதனால் காற்றுக் குறைவதை முன்கூட்டியே சொல்லும் சென்சரைப் பலரும் தேடுகிறார்கள். புதியது விலை கூட என்பதால் பாவித்ததை வாங்க நினைப்பவர்கள் நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காரில் அந்த வசதி இருக்கிறதா? அமெரிக்காவில் 2007 செப்டெம்பரில் இருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரில் இருந்தும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். யப்பானில் அப்படிச் சட்டம் இருக்கவில்லை. காரை இயக்கியதும் ஆச்சரியக்குறியுடன் கூடிய மஞ்சள் ரயர் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியாவிட்டால் பெரும்பாலும் காரில் வாங்கி இல்லை. சென்சர் போட்டும் பயனில்லை.

இரண்டாவது, அலைவரிசை. அமெரிக்க லீஃப் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பிய லீஃப் 433 மெகாஹேர்ட்ஸ். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் சமிக்ஞை மற்றதற்குக் கேட்காது.

மூன்றாவது, பற்றரி. அது உள்ளே மூடி ஒட்டப்பட்டது, மாற்ற முடியாது. ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். 2013 கார் ஒன்றில் கழற்றிய சென்சருக்கு ஆயுள் முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பிறகு ரயரைக் கழற்றிப் பூட்டும் கூலியும் இரட்டிப்பாகும்.

நான்காவது, பதிவு. ஒவ்வொரு சென்சருக்கும் தனி இலக்கம் உண்டு. அதை ஸ்கானர் மூலம் காரில் பதிய வேண்டும். அந்தக் கருவி கராஜில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பூட்டிய பின்னர் விளக்கு ஒரு நிமிடமளவில் மினுங்கிவிட்டு எரிந்தபடி நின்றால் பழுது சென்சர் தொகுதியில். மினுங்காமல் எரிந்தால் காற்றுக் குறைவு.

வசதி இல்லாத காருக்கு, வால்வு மூடியாகத் திருகும் வெளிச் சென்சர் கிடைக்கிறது. தனித் திரையுடன் வருவதால் காருடன் பொருந்த வேண்டியதில்லை. பல வகைகளில் பற்றரியையும் மாற்றலாம். அதுவும் வேண்டாம் என்றால் கையில் பிடிக்கும் காற்று மீற்றரே போதும். இரு வாரத்துக்கு ஒருமுறை, ஓடுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, சாரதிப் பக்கக் கதவோரம் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். காற்றுக் குறைந்தால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். பற்றரி தேய்ந்த பழைய லீஃபில் அந்தச் சில கிலோமீற்றர்களும் பெறுமதியானவை.