பேட்டரி இறங்கிய கார்

வாரக்கணக்கில் நிறுத்தியிருந்த கார், சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று மட்டும் சொல்லி நிற்கும் நிலை. 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கில் பல வீட்டு வாசல்களில் இதைப் பார்த்தோம். கார் உறங்கினாலும் கடிகாரமும் திருட்டு அலாரமும் மின்சாரம் குடிக்கின்றன. 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் காலி. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே நம்பிக்கை குறைவு.

இன்னொரு காரின் நல்ல பேட்டரியோடு இணைத்துக் கிளப்ப உதவும் ஜம்பர் கேபிளில் வரிசையே முக்கியம். சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்ட வேண்டும். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பழுதான காரின் என்ஜின் இரும்புக்குப் போகும். பேட்டரி மேலேயே மாட்டினால், பொறி பறந்து அங்கே கசியும் ஹைட்ரஜன் பற்றக்கூடும்.

கியர் வண்டியைச் சமதரையில் இரண்டாம் கியரில் தள்ளியும் கிளப்பலாம், ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையின் இறக்கம் இதற்கு ஆசை காட்டும். வேண்டாம்: என்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகும், ஸ்டீயரிங் கனக்கும். கிளம்பிய கையோடு அணைக்காமல் கோமுகி அணை வரை போய்வந்தால் ஓரளவு சார்ஜ் ஏறும். முழுதும் நிரம்ப சார்ஜர்தான் வேண்டும்.