கோதுமையைக் காட்டிக்கொடுத்தது பஞ்சமா?

கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1944-45 குளிர்காலத்தில்தான் தொடங்குகிறார்கள். ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரத்து நின்றுபோனது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். அந்தப் பட்டினியிலும், நாள்பட்ட வயிற்றுப்போக்கால் துரும்பாக இளைத்திருந்த சில குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி கிடைக்காததே காரணம் என்று குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கெ கண்டுகொண்டார் என்பது கதை. கேட்டவர் மறக்க முடியாத கதைதான். ஆனால் ஆண்டுக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

டிக்கெ 1905இல் பிறந்தவர். 31 வயதிலேயே ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமையேற்றார். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் தோல் தடிப்பு சட்டென்று குறைகிறது என்று ஓர் இளம் தாய் சொன்னது அவர் கவனத்தைத் திருப்பியது. 1934 முதல் 1936 வரை கோதுமையில்லா உணவைக் கொடுத்துப் பார்த்தார். 1941இல் நெதர்லாந்து மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதியும் விட்டார். பஞ்சம் வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

பஞ்சம் அவருடைய ஐயத்துக்கு வலுச் சேர்த்திருக்கலாம். நிரூபணமாக அதை ஏற்க முடியாது. அந்தக் குளிர்காலத்தில் கோதுமையோடு பாலும் சர்க்கரையும் கொழுப்பும்கூட அருகிப்போயின. எதன் இன்மை குழந்தையைத் தேற்றியது என்று அதை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

இதே சிக்கலில் முன்னரே ஒருவர் சிக்கியிருந்தார். நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் 1924இல் வாழைப்பழ உணவை அறிமுகப்படுத்தினார். சாகக் கிடந்த குழந்தைகள் பிழைத்தார்கள். அவர் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அவருடைய உணவுப்பட்டியலில் ரொட்டிக்கு இடமே இல்லை. குணம் தந்தது சேர்த்த பழமா, நீக்கிய ரொட்டியா? ஹாஸ் பழத்துக்கே பெருமை கொடுத்தார். அதன் விளைவு கொடியது: தேறிய குழந்தைக்கு நோய் தீர்ந்தது என்று நம்பி மறுபடி ரொட்டி கொடுத்தார்கள், நோயும் மறுபடி வந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது மலத்தை அளந்து பார்த்த வேலை. அதைத்தான் டிக்கெயின் உண்மையான சாதனை என்று கொள்ள வேண்டும். இந்நோயில் குடல் கொழுப்பைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அது மலத்தோடு வெளியேறிவிடுகிறது. மலத்திலுள்ள கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையை உட்ரெக்டில் வேதியியலாளர் வான் டி காமர் உருவாக்கினார். உண்ட கொழுப்பையும் கழித்த கொழுப்பையும் ஒப்பிட்டால், உடலில் சேர்ந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மற்ற உணவை மாற்றாமல், ஒரே குழந்தைக்குச் சில காலம் கோதுமை கொடுத்து, சில காலம் நிறுத்தி, டிக்கெ அளந்தார். கோதுமை வந்தால் உறிஞ்சுதல் சரிந்தது, நீங்கினால் மீண்டது. அரிசி எந்தக் கேடும் செய்யவில்லை. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதைப் பதிவு செய்தது.

அடுத்து மருத்துவர் வெயர்ஸும் சேர, மூவரும் கோதுமையையே பிரித்துப் பார்த்தார்கள். பிசைந்த மாவை நீரில் அலசினால் மாச்சத்து நீரோடு போய்விடும். ரப்பர் போன்ற பசைப்புரதம் கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். மாச்சத்து கொடுத்தபோது குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, குளூட்டன் கொடுத்தபோது நோய் திரும்பியது. குடலின் உட்சுவர் சிதைவதை வாய்வழிக் குழாய் செலுத்தித் திசு எடுத்துப் பார்க்கும் வசதி 1956க்குப் பிறகே வந்தது. குடலைக் கண்ணால் பாராமலே குற்றவாளியைப் பிடித்திருந்தார்கள்.

டிக்கெ 1962இல் மறைந்தார். அவருடைய வாதத்தின் வலுவை நம் நாட்டிலேயே காணலாம். ஹரியானா, அசாம், வேலூர் வட்டாரங்களில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் மூன்று வட்டாரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் கண்டது. ஆனால் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்தது வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்கு, தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம். வேலூரில் 25 கிராம்.