இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவு

மணமுறிவுக்குப் பின் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கும் தாய் வேறோர் ஊருக்குக் குடிபெயரலாமா என்ற கேள்விக்கு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் முஸ்லிம் குடும்பங்களுக்கு இருவேறு சட்ட மரபுகள் விடை சொல்லி வந்துள்ளன. தோல் வணிகத்தால் வளர்ந்த இக்குடும்பங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் என்னும் சட்டப்பள்ளியின் விதிகள் ஒன்று. 1890ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இயற்றிய காப்பாளர் சட்டம் மற்றொன்று.

ஹனஃபி விதிப்படி, பிள்ளையை வளர்க்கும் உரிமையான ‘ஹிளானத்’ ஆண்பிள்ளைக்கு ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளைக்குப் பருவமெய்தும் வரையிலும் தாயைச் சேரும். பிள்ளையின் உடைமையையும் திருமணத்தையும் தீர்மானிக்கும் பொறுப்பான ‘விலாயத்’ தந்தையிடமே இருக்கும். 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதி, வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவில் சார்லஸ் ஹாமில்டன் மொழிபெயர்த்து 1791இல் வெளியான ‘ஹிதாயா’, இடம்பெயர்வைத் தனியாகவே பேசுகிறது. இத்தா, அதாவது மணமுறிவுக்குப் பிந்தைய காத்திருப்புக் காலம், முடிந்த பெண் பிள்ளையுடன் அயலூர் செல்லலாகாது. ஆனால் அவ்வூர் அவளுடைய பிறந்த ஊராகவும் நிக்காஹ் நடந்த ஊராகவும் இருந்தால் செல்லலாம். இரண்டு ஊர்களும் அருகருகே இருந்து, தந்தை பிள்ளையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமானாலும் தடையில்லை. கிராமத்திலிருந்து பக்கத்து நகரத்துக்குப் போவது பிள்ளைக்கு நன்மை என்றும், நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போவது பிள்ளையின் பழக்கவழக்கங்களைக் கெடுக்கும் என்றும் அந்நூல் வேறுபடுத்துவதில் நகரத்துச் சட்ட அறிஞர்களின் பெருமிதம் சற்றுத் தூக்கலாகவே தெரிகிறது.

தந்தையின் பயணநேரத்தை அளவுகோலாகக் கொண்ட இவ்விதியின் வீச்சு, போக்குவரத்து மாறினால் தானாகவே மாறிவிடும். 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், சில ஆண்டுகளில் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து மேற்குக் கடற்கரையை எட்டியது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் அவ்வழியே சென்னைப் பெரியமேட்டின் மண்டிகளுக்குப் போனது. முன்பு நாள்கணக்கில் வண்டி கட்டிப் போகவேண்டியிருந்த தொலைவு இவ்வாறு ஒரு நாளுக்குள் அடங்கத் தொடங்கியதால், விதியின் சொற்கள் மாறாமலே தாயின் எல்லை விரிவதற்கு இடம் பிறந்தது.

1890ஆம் ஆண்டுச் சட்டமோ தொலைவை விட்டுவிட்டு நீதிமன்றத்தின் ஆள்வரையை, அதாவது அதன் அதிகாரம் செல்லும் நிலப்பரப்பை, அளவாகக் கொண்டது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே மனு தரவேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு; அந்நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அனுமதியின்றிப் பிள்ளையை ஆள்வரைக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்கிறது 26ஆம் பிரிவு; மீறினால் 44ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிவில் சிறையோ உண்டு. நீதிமன்றத்தால் நியமிக்கப்படாத தாயை 26ஆம் பிரிவு கட்டுப்படுத்தவில்லை. ஆயினும், முஸ்லிம் தாய்க்கு வளர்ப்புரிமை உண்டே தவிர அவள் இயல்பான காப்பாளர் அல்லள் என்று அக்காலத்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1918இல் தீர்ப்பளித்திருந்ததால், தந்தை 25ஆம் பிரிவின்கீழ் பிள்ளையைத் திருப்பிக் கேட்கும் வழி திறந்தே இருந்தது. அம்மனுவில் பிள்ளையின் நலனே பார்க்கப்பட வேண்டும் என்பதுதான் தாய்க்கிருந்த பிடிப்பு.

தாயின் பிழைப்பு எந்த ஊரில் என்று இவ்விரு மரபுகளும் கேட்கவில்லை. மணமுறிவு பெற்றவள் பிறந்தகத்துக்குத் திரும்புவாள் என்பதே ஹிதாயாவின் எதிர்பார்ப்பு. ஆனால், தோல் தொழிலை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையையொட்டி, அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு 1973 முதல் கட்டுப்படுத்தியபோது, இவ்வட்டாரம் காலணியின் மேற்பகுதியையும் முழுக் காலணியையும் தைக்கும் தொழிலுக்குத் திரும்பியது. ஆண்களின் உலகமாயிருந்த தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் கூடங்களுக்கு, அருகே பல சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகள் எழுந்தன. சம்பளத்துக்காக ஊர் மாறும் தாய் அதன்பின் விதிவிலக்கு அல்லள். இந்துப் பெண்களுக்கும் நிலை பெரிதாக வேறுபடவில்லை: 1956ஆம் ஆண்டின் இந்துக் காப்பாளர் சட்டம் ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்றதே அல்லாமல் குடிபெயர்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் குறையை 2015இல் இந்தியச் சட்ட ஆணையத்தின் 257ஆம் அறிக்கை எடுத்துக்கொண்டு, பெற்றோரில் ஒருவர் இடம்பெயர விரும்பும்போது பின்பற்றவேண்டிய வழிகாட்டுதல்களை வரைந்தது; ஆனால் அது சட்டமாகவில்லை. இதற்கிடையே மாவட்ட எல்லைகளும் மாறின: 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில், ஹிதாயாவின் கணக்கில் ஐயமின்றி அண்டையூர்களாகும் ஆம்பூரும் வேலூரும் இன்று வெவ்வேறு மாவட்டங்களில் உள்ளன.