என்றான், என்றாள், என்றார்: தமிழ்ப் புனைகதையில் கூற்றுக் குறிப்பு

அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனர்ட் 2001இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுத்தாளர்களுக்குப் பத்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். உரையாடலைத் தாங்குவதற்குச் ‘சொன்னான்’ என்பதைத் தவிர வேறு வினை கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அந்த வினைக்கு அடை சேர்க்கக் கூடாது என்பது அதை அடுத்த விதி. நம் சிறுகதைப் பட்டறைகளிலும் இதே அறிவுரை இன்று தாராளமாகப் புழங்குகிறது. கர்ஜித்தான், முணுமுணுத்தான், வினவினான் என்று அடுக்கும் தொடர்கதை நடைக்கு அது நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் எழுத்தாளர் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வினையின் அடிச்சொல்லைத் தாண்டி, அதன் விகுதியில் இருக்கிறது. பட்டறைகள் அதைப் பேசுவதே இல்லை.

பேசுபவரை எப்படி அடையாளம் காட்டுவது என்பது தமிழில் பழைய கேள்வி. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன் ஆகியவை தனித்தனி உறுப்புகள். அவற்றோடு முன்னம் என்றோர் உறுப்பும் உண்டு. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாரிடம் சொல்லத் தக்கது என்று பேச்சைக் கொண்டே உணரும்படி அமைப்பது முன்னம். அகப்பாட்டில் கதைசொல்லி கிடையாது; மாந்தர் நேரே பேசுகிறார்கள். ஆகவே ‘என்றாள் தலைவி’ என்று இடையில் புகுந்து சொல்ல ஆளில்லை. பேச்சே தன் சொந்தக்காரரைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும்.

எல்லா இடத்திலும் அது காட்டிக்கொடுப்பதில்லை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைத் தனியே எடுத்துப் படிப்பவரால், பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பால் காட்டும் சொல் அதில் ஒன்றுமில்லை. தலைவன் கூற்று என்று நாம் அறிவது பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பினால்தான். இந்தக் குறிப்புகள் பாட்டோடு பிறந்தவை அல்ல, பிற்காலத்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அவன் சொன்னது, அவள் சொன்னது என்று கூற்றையே தலைப்பாக்கினார். கீழே கிடந்த குறிப்பு மேலே ஏறியது. பாட்டின் உடலுக்குள் மட்டும் அது நுழையவில்லை.

கதைசொல்லி உள்ள சிலப்பதிகாரத்திலும் இந்தச் சிக்கனம் தொடர்கிறது. வழக்குரை காதையில் பாண்டியன் கேட்கிறான், கண்ணகி தன் வழக்கைச் சொல்கிறாள், கள்வனைக் கொல்வது முறைதான் என்று அவன் வாதிடுகிறான், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள், தன்னுடையது முத்து என்கிறான் அவன். இத்தனை மாற்றுப் பேச்சையும் இளங்கோவடிகள் பெரும்பாலும் ‘என’ என்னும் ஒற்றை இடைச்சொல்லைக் கொண்டே கடந்துவிடுகிறார். யாருடைய பேச்சு என்பதை விளிகள் சொல்லிவிடுகின்றன. கண்ணகி மன்னனை முதன்முதலில் விளிக்கும் சொல்லிலேயே, அவன் ஆராயாதவன் என்ற குற்றச்சாட்டும் அடங்கிவிடுகிறது. விளியே கூற்றுக் குறிப்பு; விளியே வழக்கு.

இக்காலப் பேச்சுத் தமிழிலும் இந்த வசதி குறையவில்லை. ஒரு சிறு உரையாடலைப் பார்ப்போம்.

“எங்கடா போயிருந்த இவ்வளவு நேரம்?”

“ரேஷன் கடைக்குங்க.”

“கடை தொறந்திருந்துச்சா?”

“இல்லீங்க. நாளைக்கு வரச் சொன்னாங்க.”

“எவன் சொன்னான்?”

ஐந்து வரியிலும் ‘என்றான்’ இல்லை. ஆனாலும் யார் யார் என்பதில் ஐயம் வராது. ‘டா’வும் ‘ங்க’வும் கேட்பவரின் தகுதியைச் சொல்கின்றன, கேட்பவர் தெரிந்தால் பேசுபவர் தானே தெரிவார். கடைக்காரரைப் பற்றி ஒருவர் ‘சொன்னாங்க’ என்பதும் மற்றவர் ‘எவன் சொன்னான்’ என்பதும் அந்த ஊரின் படிநிலையையே காட்டிவிடுகின்றன. தி. ஜானகிராமனால் பக்கக்கணக்கில் குறிப்பில்லாமல் உரையாடலை ஓடவிட முடிந்தது இந்த முன்னத்தின் பலத்தில்தான் என்பது என் கருத்து.

இப்போது கதைசொல்லியை உள்ளே விடுவோம். வேலைக்காரர் பெயர் மாரி, வயது 60. கேள்வி கேட்பவர் பண்ணையார் மகன், வயது 30. “எங்கடா போயிருந்த?” என்று சின்னப் பண்ணையார் கேட்டார், “ரேஷன் கடைக்குங்க” என்றான் மாரி. உரையாடலில் உள்ள ‘டா’ பாத்திரத்தின் திமிர். ‘என்றான் மாரி’ என்பது யாருடையது? அதைப் பாத்திரத்தின் மேல் போட முடியாது. கதைசொல்லி, பண்ணையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கதை சொல்கிறார். இருவருக்கும் ‘ஆன்’ போட்டிருந்தால் அது ஒரு நிலைப்பாடு, இருவருக்கும் ‘ஆர்’ போட்டிருந்தால் வேறொரு நிலைப்பாடு. லெனர்டின் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய வாக்கியத்திலும் இந்தச் சாய்வு அப்படியே இருக்கும்.

‘ஆன்’ என்றாலே இழிவு என்று சொல்ல வரவில்லை. பொன்னியின் செல்வனில் கல்கி வந்தியத்தேவனை ‘ஆன்’ விகுதியாலும் பழுவேட்டரையரை ‘ஆர்’ விகுதியாலும் குறிக்கிறார். அங்கே ‘ஆன்’ வாசகருக்கும் நாயகனுக்கும் உள்ள நெருக்கம். ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) என்ற தலைப்பில் ‘வந்தார்’ என்று மாற்றிப் பாருங்கள். நாவலே கையைவிட்டுப் போய்விடும். விகுதியின் பொருள் தனியாக நிற்பதில்லை, ஒரே காட்சியில் அருகருகே வரும் விகுதிகளுக்கு இடையில் அது பிறக்கிறது. ஒரே கதையில், ஒரே கூடத்தில் ‘அப்பா சொன்னார், அம்மா சொன்னாள்’ என்று எழுதும் வழக்கத்தை இந்தக் கண்கொண்டு பார்த்தால் உறுத்தும். பிள்ளையின் பார்வையில் சொல்லப்படும் கதையானால் அது இயல்பு என்று வாதிடலாம். எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு அந்தச் சலுகை இல்லை.

எழுத்துத் தமிழ்க் கதைசொல்லி, பேச்சுத் தமிழ்ப் பாத்திரம் என்ற பிரிவினையிலேயே இந்தச் சாய்வு வேர்கொண்டிருக்கிறது. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ முழுதும் பேச்சு வழக்கில் எழுதப்பட்டது. சொல்லப்படுபவரும் சொல்பவரும் ஒரே மொழியில் நிற்பதால், மேலே நின்று விகுதி வழங்கும் குரலுக்கு அங்கே இடமில்லை. நடை பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் வட்டார வழக்கின் வெற்றியாக மட்டுமே பாராட்டப்படுகிறது. கூற்றுக் குறிப்பின் வரலாற்றிலும் அது ஒரு திருப்பம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே பதிப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பிரதியைத் திருத்தும்போது ‘கர்ஜித்தான்’களை அடித்துவிடுங்கள், பேச்சே ஆளைக் காட்டும் இடத்தில் ‘என்றான்’களையும் அடித்துவிடுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு ‘என்றான்’, ‘என்றாள்’, ‘என்றார்’ அருகிலும், யார் சொல்லி இந்த விகுதி என்று ஆசிரியரிடம் ஒரு கேள்வி எழுதிவையுங்கள்.