கரோலிங்கியர்
'கரோலிங்கியர்' என்ற பெயரைக் காணும் நம்மவருட் சிலர், 800-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சக்கரவர்த்தியாக முடிசூடிய சார்லமேனே அவ்வமிசத்தின் மூலபுருஷர் என்று எழுதிவிடுகின்றனர். ஆனால் அக்குடியோ, மெட்ஸ் நகர மேற்றிராணியார் ஆர்னுல்பின் மைந்தர் அன்செகிசேலுக்கும் லாண்டன் பெப்பினின் மகள் பெக்காவுக்கும் ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்த விவாகத்தில் கிளைத்து, முன்பு ஆண்ட மெரோவிங்கிய மன்னர்களின் அரண்மனைத் தலைவர்களாய் வலிமை பெற்று, சார்லமேனின் தந்தை பெப்பின் காலத்திலேயே, 751-இல், சிங்காதனம் ஏறிவிட்டது. குடிப்பெயருக்கு அடியான 'கார்ல்' (சார்லஸ்) என்னும் பெயரை அக்குடியில் முதலில் தாங்கியவரும் சார்லமேனின் பாட்டனார் சார்லஸ் மார்ட்டெல்தான். ஜெர்மானிய மொழிகளில் ஆண்மகனையும் சுதந்திரமுள்ள சாமானியனையும் குறித்த அச்சொல்லின் இனமே ஆங்கிலத்தில் 'சர்ல்' எனத் தாழ்ந்து நாகரிகமற்ற முரடனைச் சுட்ட, சார்லமேனின் கீர்த்தியால் அது போலந்தில் 'க்ருல்' என்றும் ஹங்கேரியில் 'கிராய்' என்றும் உயர்ந்து அரசனையே குறிக்கலாயிற்று. 'கரோலிங்கியர்' என்ற பெயரின் நடுவிலுள்ள 'இங்' என்பது வழித்தோன்றல்களைக் காட்டும் விகுதியாதலின், தமிழில் 'கார்ல் கால்வழியினர்' என்பது பொருளுக்கு இசையும்; எனினும், கார்லுக்கு முந்திய ஆர்னுல்பும் பெக்காவும் அத்தொடருக்குள் அடங்காமையால், சரித்திர நூலுக்குக் 'கரோலிங்கியர்' என்ற மரபுப் பெயரே தக்கதென்பது என் துணிபு.