குளிர்பதனப் பெட்டியில் இறால் சேமிப்பு

குளிர்பதனப் பெட்டியில் இறால் சேமிப்பு என்பது, வாங்கிய இறாலைச் சமைக்கும் வரை கெடாமலும் நோய்க்கிருமிகள் பெருகாமலும் குறைந்த வெப்பநிலையில் வைத்திருக்கும் முறையாகும். சமைக்காத இறாலை 4 °செ அல்லது அதற்குக் குறைந்த வெப்பநிலையில் ஒன்று அல்லது இரண்டு நாட்களே வைக்கலாம். சமைத்த இறால் மூன்று அல்லது நான்கு நாட்கள் தாங்கும். பிடித்தது முதல் இடைவிடாமல் பனிக்கட்டியில் இருந்த இறாலுக்கே இக்கணக்கு பொருந்தும். கடலிலிருந்து தொலைவில் உள்ள மதுரை போன்ற ஊர்களில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

மதுரையில்

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் பிடிபடும் இறால் மதுரைக்குச் சாலை வழியே வருகிறது. தூத்துக்குடி ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவிலும் இராமேசுவரம் ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவிலும் உள்ளன. இவற்றுடன் பண்ணை இறாலும் விற்கப்படுகிறது. பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலை வளர்க்க இந்தியாவில் 2009-இல் அனுமதி வழங்கப்பட்டது.

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 °செ-ஐத் தாண்டுவது வழக்கம். குளிரூட்டப்படாத இறாலைச் சாதாரணமாக இரண்டு மணி நேரம் வரை வெளியில் வைக்கலாம் எனக் கொள்ளப்பட்டாலும், வெப்பம் 32 °செ-க்கு மேல் சென்றால் இவ்வரம்பு ஒரு மணி நேரமாகக் குறைகிறது. கடையில் பனிக்கட்டியின்றிக் குவிந்து கிடந்த நேரமும் பேருந்தில் பையில் வந்த நேரமும் இதில் அடங்கும். எனவே சந்தையிலேயே சிறிது பனிக்கட்டி கேட்டு வாங்குவது, வீட்டில் செய்யும் எந்த ஏற்பாட்டையும்விடப் பயனுள்ளது. வெப்ப மண்டலங்களில் மீனும் பனிக்கட்டியும் சம எடையில் இருக்க வேண்டும் என்பது பொதுப் பரிந்துரை.

கெடும் விதம்

இறாலின் தலைப்பகுதியில் உள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள், இறால் இறந்தவுடன் அருகிலுள்ள தசையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. தசையில் கட்டற்ற அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதால் பாக்டீரியாக்களும் விரைந்து பெருகுகின்றன. தலையை நீக்கி வைப்பதன் காரணம் இதுவே.

ஓட்டில் தோன்றும் கரும்புள்ளி நொதி வினையால் உண்டாகும் நிறமியாகும். அது தன்னளவில் தீங்கற்றது; ஆயினும் இறால் பழையது என்பதற்கான குறிப்பாகலாம். அம்மோனியா நெடி வீசும் இறாலை உண்ணலாகாது. எனினும் நோய்க்கிருமிகள் நாற்றமின்றியும் பெருகக்கூடும். கடலுணவு நோய்க்குப் பெயர்பெற்ற வைப்ரியோ பாராஹீமோலிடிகஸ் என்னும் பாக்டீரியா, 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன்களை உண்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்த நிகழ்வின்போது கண்டறியப்பட்டது. நன்கு சமைத்தால் இது அழியும். ஆனால் கையாள்வோரிடமிருந்து பரவும் ஸ்டஃபைலோகாக்கஸ் உண்டாக்கும் நச்சு, சமைத்தாலும் அழிவதில்லை.

வைக்கும் முறை

தலை, குடல் நீக்கிய இறாலைக் கழுவி, நீரை வடித்து, மூடிய கலத்தில் அடித்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் கசியும் நீர் தயிரிலோ தோசை மாவிலோ விழ வாய்ப்புண்டு. மஞ்சள்தூளும் உப்பும் பிசறி வைப்பது மதுரை வட்டாரத்திலும் உள்ள வழக்கம். அது சுவைக்கு நல்லதே தவிரக் குளிருக்கு ஈடாகாது.

சில மாதங்கள் வைக்க −18 °செ தேவை. பல ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் உறைபெட்டி இந்நிலையை எட்டுவதில்லை. இறால் மூழ்கும்வரை நீர் ஊற்றி உறைய வைத்தால் காற்று படாமல் தசை உலராதிருக்கும். உறைதல் கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்துமே அன்றி, அவை அனைத்தையும் கொல்லாது. ஆகவே உறைந்த இறாலைச் சமையல் மேடையில் வைத்து உருக்காமல், முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுவது முறை.

மின்வெட்டு

கதவைத் திறக்காதவரை குளிர்பதனப் பகுதி ஏறத்தாழ 4 மணி நேரமும், நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. இது −18 °செ-இல் இயங்கும் தனி உறைபெட்டிக்குரியது. ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறிய உறைபெட்டிக்குப் பொருந்தாது. 2012-ஆம் ஆண்டு மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அத்தகைய காலங்களில் இறாலை வாங்கிய அன்றே சமைப்பதே பாதுகாப்பானது. மின்சாரம் திரும்பிய பின் இறாலில் பனிப்படிகங்கள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். 4 °செ-க்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக இருந்திருந்தால் எறிந்துவிட வேண்டும்.